மாடிக் கதவுக்கு டை

வாங்க அம்மிணி, செருப்பை உள்ளாறயே விட்டுருங்க. வெளிய விட்டா அந்தக் கருப்பு நாய் ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிரும், அப்பறம் ஒத்தைச் செருப்போட பேங்குக்குப் போகோணும். மேல் வீட்டைப் பாத்துட்டீங்களா? நல்லாருக்குதுல்ல? காத்து வருமுங்க. தண்ணிக்குப் பஞ்சமில்ல. ஒண்ணே ஒண்ணு முன்னாலயே சொல்லிடறேன், மேல நடந்தா கீழ கேக்கும். தொம்முதொம்முன்னு இருக்கும். எனக்கு அந்தச் சத்தம் சுத்தமா ஆகாது.

தனியாவா வந்திருக்கீங்க? கூட யாரும் இல்லீங்களா? கேட்டுல பலகை தொங்குதே, ஒத்தை ஆளுக்கு வீடு கிடையாதுன்னு, பாத்தீங்கல்ல? பாத்துட்டும் பெல்லை அடிச்சிருக்கீங்க. தைரியந்தான்.

என்ன கேட்டீங்க? மொட்டை மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாம கருப்பா ஒரு துணியக் கட்டி வெச்சிருக்குதா? அது துணி இல்லீங்க, டை. கழுத்துல கட்டற டை. தாழ்ப்பாள் இருந்த எடத்துல நாலு ஓட்டை மட்டுந்தான் மிச்சம். அதைச் சொன்னா நேரமாகும். நேரம் இருக்குதுங்களா? அப்படின்னா உக்காருங்க, காபி போட்டுட்டு வர்றேன். காபி குடிப்பீங்கல்ல? குடிக்காதவங்களா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. மறுபடியும் அந்த வேதனைய என்னால பட முடியாது.

இந்தாங்க. சக்கரை பத்தலீன்னா சொல்லுங்க.

உங்களுக்கு முன்னால மேல ரெண்டு பசங்க இருந்தாங்க. ஒருத்தன் அமெரிக்காக்காரன், லார்சன்னு பேரு. ஐடஹோன்னு ஒரு ஊராம், உருளைக்கிழங்கு வெளையுமாம், நம்ம ஊட்டி மாதிரின்னு வெச்சுக்குங்களேன். ஆளு நெட்டை. வாசப்படியில தலைய இடிச்சுக்காம ஒரு நாளும் உள்ள வந்ததில்ல. இன்னொருத்தன் ராஜமுந்திரிக்காரன், கிருபாவரம்னு பேரு. குட்டையா, உருண்டையா, கையில பெரிய வாட்சோட இருப்பான். தமிழு நல்லாவே பேசுவான், நடுநடுவுல அம்மகாருன்னு தெலுங்குல இழுப்பான்.

மார்மன்னு ஒரு சபை இருக்குதாமே, அந்தச் சபைப் பசங்க. பத்தொம்பது இருவது வயசுல ரெண்டு வருசம் ஊரை விட்டு எங்கயாவது தூரமாப் போயி ஊழியம் பண்ணோணுமாம். ரெண்டு வருசமும் சினிமா கிடையாது, ரேடியோ கிடையாது, பொண்ணுங்களோட பேச்சு கிடையாது. காபி, டீ அதுவும் கிடையாது. வெள்ளைச் சட்டை, கருப்புப் பேண்டு, டை, நெஞ்சுல கருப்பா ஒரு அட்டை. இந்தக் கணபதி ஏரியா வெயில்ல, இந்த வேசத்துல, தலையில ஹெல்மெட்டு மாட்டிக்கிட்டு சைக்கிள்ல போவாங்க. அட்டையில ரெண்டு பேருக்கும் எல்டர்னு போட்டிருக்கும். பெரியவர்னு அர்த்தமாம். மீசை இன்னும் சரியா மொளைக்கல, பெரியவராம்!

மதம் மாத்திருவாங்கன்னு எதிர்வீட்டுப் பொன்னுசாமி அண்ணன் பயமுறுத்தினாரு. அவரு போலீசுல ஏட்டய்யாவா இருந்து ரிட்டேராவனவரு, பாக்கறதெல்லாம் அவருக்குக் கேசாத்தான் தெரியும். அவனுங்க என்னை மாத்தப் பாக்கலீங்க. எம்பட பிள்ளையாருக்குப் பூப் பறிச்சுக் குடுத்ததே அந்த நெட்டையன்தான், எனக்கு எட்டாத கொப்புல இருந்து. நான்தான் அவனுங்களை மாத்தப் பாத்தேன், காபிக்கு. நடக்கல.

நான் யாரு வீட்டு விசயத்தையும் கவனிக்கறவ இல்லீங்க. எம்பட சோலி உண்டு, நான் உண்டுன்னு இருப்பேன். ஆனா அவனுங்க வாரம் எனக்கு மனப்பாடம். ஆறரைக்கு அலாரம். அப்பறம் தண்டால், அதுக்குத்தான் தொம்முதொம்மு. அப்பறம் படிப்பு. பத்து மணிக்கு சைக்கிள் எடுத்தா, போய் யாராவது வீடு காலி பண்ணினா சாமான் தூக்கிக் குடுக்கறது, கேட்டவங்களுக்கு இங்கிலீசு சொல்லிக் குடுக்கறது, சபைக்காரங்க வீட்டுக்குப் போறது. ஞாயித்துக்கிழமை கோயில். திங்கக்கிழமை மட்டுந்தான் லீவு. அன்னைக்குத் துணி துவைப்பாங்க. மாடிக் கொடி பூரா வெள்ளைச் சட்டையாத் தொங்கும், பாக்கறவங்க நான் பள்ளிக்கூடம் நடத்தறேன்னு நெனச்சுக்குவாங்க. துவைச்சு முடிச்சதும் ஒம்பது மணிக்கு வீட்டுக்குப் போன். வாராவாரம், தவறவே தவறாது. அந்த லார்சன் பேசறப்ப போன்ல அவங்கம்மா, அப்பா, தங்கச்சி, நாயி எல்லாம் வரிசையா வந்து மூஞ்சியக் காட்டும்.

எனக்கும் பையன் இருக்கறானுங்க, ஆஸ்திரேலியாவுல பெர்த்துல. தனியாத்தான் இருக்கறான், பெரிய வேலை. அவனும் போன் பண்ணுவான், பண்ணாம இருப்பானா? தீவாளிக்குப் பண்ணினான்.

சரி, கதைக்கு வர்றேன். வந்த ஒரு வாரத்துலயே எனக்கு ஒண்ணு உறுத்திருச்சு. அந்தக் குட்டையன் நெட்டையனைத் தனியா விடறதே இல்ல. கடைக்குத் தயிர் வாங்கப் போனா ரெண்டு பேரு. குப்பை போடப் போனா ரெண்டு பேரு. பரண்ல இருந்து அண்டாவ எறக்கிக் குடு சாமின்னு லார்சனைக் கூப்பிட்டா, அவன் எறக்குவான், இவன் பக்கத்துல நின்னு வேடிக்கை பாப்பான். ஒரு நாளு கீழ வீட்டுக்குப் பின்னால பொடக்காலியில இருக்கற பாத்ரூமுக்கு லார்சன் போயிருக்கான், குட்டையன் வாசல்லயே நின்னு வாட்சைப் பாத்துக்கிட்டிருக்கறான்! "ஏஞ்சாமி, எப்பப் பாத்தாலும் அவங்கூடவே சுத்தறே?"ன்னு கேட்டேன். "ரூல் அம்மகாரு. தனியா உடக்கூடாது"ன்னு சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே சொல்றான் பாருங்க, நெஞ்சழுத்தம்.

அப்பறம் சோத்துக்கு வந்தேன். நான் நல்லா நெய் விட்டு அரிசியும்பருப்பும் பண்ணி மேல கொண்டுட்டுப் போனா, அன்னைக்கு ஒண்ணும் சாப்பிட மாட்டாங்களாம். மாசத்துல மொத ஞாயித்துக்கிழமை பட்டினியாம். அந்தக் குட்டையனுக்குப் பரவால்ல, ஒடம்புல சேத்து வெச்சிருக்கான். பாவம் நெட்டையன், ஏற்கெனவே கொக்கி மாதிரி இருக்கறான். தட்டையே பாத்துக்கிட்டு நின்னான் அம்மிணி.

எல்லாத்துக்கும் மேல வெள்ளிக்கெழமை. சாயங்காலமானா மாடியில ரெண்டு பிளாஸ்டிக் சேரை எதிரெதிராப் போட்டு உக்காருவாங்க. நான் வடகம் எடுக்கப் போனேன். காயப் போட்ட வடகம் எடுக்காம இருக்க முடியுமா? குட்டையன் என்னமோ இங்கிலீசுல வரிசையாச் சொல்றான், நெட்டையன் தலையக் குனிஞ்சுக்கிட்டு சாரி, சாரிங்கறான். அப்பறம் இவன் சொல்றான், அவன் சாரிங்கறான். என்னடா இதுன்னு கேட்டா, வாராவாரம் ஒருத்தன் கொறைய ஒருத்தங்கிட்ட நேராச் சொல்லிடோணுமாம். நல்லதையும் சொல்லோணுமாம். மனசுல வெச்சுக்கக்கூடாதாம். இதென்ன அநியாயம்? நான் எங்க வீட்டுக்காரரோட முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்தினேன், ஒரு நாளாவது அவரு கொறைய அவருகிட்டச் சொல்லியிருப்பனா? எந்தங்கச்சிகிட்டச் சொன்னேன், எதிர்வீட்டுல சொன்னேன், அதுதானே மொறை?

பொன்னுசாமி அண்ணங்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். அவரு கண்ணை மூடிக் கேட்டுட்டு, "தொளசி, இது கஸ்டடி"ன்னாரு. "நான் எத்தனை கைதியக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். ஒருத்தன் கைதி, ஒருத்தன் எஸ்கார்ட்டு. கக்கூசு வாசல்ல நிக்கறானே, அங்கயே தெரிஞ்சு போச்சு. அந்த நெட்டையன் பெரிய எடத்துப் பையனா இருப்பான். ஊர்ல என்னமோ பண்ணிட்டு இங்க கொண்டாந்து வெச்சிருக்கறாங்க." பால் பொங்கறாப்பல இருக்கற மூஞ்சி அவனுக்கு, அவன் என்ன பண்ணியிருப்பான்? பண்ணியிருந்தாலும் உருளைக்கெழங்குக்கு என்ன பண்ணியிருக்க முடியும்?

அப்பறமும் நான் பொறுமையாத்தான் இருந்தேன். ஒரு நாளு தண்ணித் தொட்டி கழுவறதுக்கு ரெண்டு பேரும் வந்தாங்க. நெட்டையன் தொட்டிக்குள்ள நின்னு தேய்க்கறான், குட்டையன் கொஞ்சம் தள்ளிக் குழாயப் புடிச்சிருக்கறான். லார்சன் தமிழு படிச்ச தமிழு, தெரியுங்களா, செய்தி வாசிக்கற மாதிரிப் பேசுவான். தொட்டிக்குள்ள இருந்து தலைய நீட்டி வானத்தைப் பாத்துட்டு மெதுவாச் சொல்றான், "அம்மா, நான் ஓர் ஆண்டாகத் தனியாக நடந்ததே இல்லை. உங்கள் வீதியின் கடைசி வரை தனியாக நடந்தால் எப்படி இருக்கும் என்று சில நேரம் நினைப்பேன்." சொல்லிட்டு சிரிச்சுட்டு மறுபடியும் தேய்க்கறான்.

எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. இந்த வீதி கடைசி வரைக்கும், அதுல என்ன இருக்குது? ஒரு டெய்லர் கடை, ஒரு மாவு மில்லு. அதுக்கு ஒரு புள்ளை ஏங்குதே! அதுவும் அந்த வாரத்தோட ஆறு வாரம் முடியுதுங்க. ஆறு வாரத்துக்கொருக்கா பெங்களூருல இருந்து போன் வரும், யாரு எந்த ஊருக்குப் போகோணும்னு. இவனை எந்தப் பக்கம் தூக்கிப் போடுவாங்களோ தெரியாது. போறதுக்குள்ள ஒரு தடவையாவது அந்தப் புள்ளைய விட்டுவிடோணும்னு முடிவு பண்ணிட்டேன்.

திங்கக்கிழமை காலையில குட்டையன் மாடியில துணி காயப் போட்டுட்டிருந்தான். லார்சன் கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் நடுவுல படியில நின்னு வேட்டி கட்டிப் பழகிட்டிருந்தான். நான்தான் குடுத்திருந்தேன், எங்க வீட்டுக்காரரோட எட்டு மொழம். மாடிக்கு எதுக்கோ ஏறற மாதிரி நான் அவனைத் தாண்டிப் போயி, மாடிக் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். போட்டேனா? அது நகர்ந்தாத்தானே! வருசக்கணக்காத் தொடாத இரும்பு. அம்மிக் குழவிய எடுத்துட்டு வந்து நாலு தட்டுத் தட்டினேன். போய் நல்லா உக்காந்துக்கிச்சு. லார்சன் கண்ணெல்லாம் வேட்டிக் கட்டுல, ஒண்ணையும் கவனிக்கல.

கீழ எறங்கி, லார்சன் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, கேட்டைத் தெறந்து வீதியில விட்டேன். "போ கண்ணு! நட! டெய்லர் கடை வரைக்கும் போ, மாவு மில்லு வரைக்கும் போ, நான் பாத்துக்கறேன்!"

அவன் நின்னான். வேட்டிய ஒரு கையில புடிச்சுக்கிட்டு என்னையே பாத்தான். "கிருபாவரம் எங்கே?"ன்னான்.

"அவன் கெடக்கறான், நீ போ!"

"கிருபாவரம் எங்கே, அம்மா?" மூஞ்சி வெளுத்துப் போச்சுங்க. ஏற்கெனவே வெளுத்த மூஞ்சி, அது இன்னும் வெளுக்குமான்னு கேக்காதீங்க, வெளுத்துச்சு. வீட்டுக்குள்ள வந்து தேடலாம்னா, உள்ள நான் மட்டுந்தான் இருக்கறேன். பொம்பளை தனியா இருக்கற வீட்டுக்குள்ள தனியா வரக்கூடாதுன்னு அவனுங்களுக்கு ஒரு விதி. எனக்கு அறுவது வயசாகப் போவுது அம்மிணி! ஆனா விதின்னா விதி. கொஞ்ச நேரம் கேட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தவிச்சான். அப்பறம் ஓடிப் போயி நடு வீதியில நின்னு அண்ணாந்து பாத்து, "கிருபாவரம்!"னு ஒரு கத்து. மேல கைப்பிடிச் சுவத்துல குட்டையன் தலை தெரிஞ்சுச்சு. இவன் அவனைப் பாத்தான், அவன் இவனைப் பாத்தான். ரெண்டு பேருக்கும் உசுரு வந்துச்சு.

விசயம் என்னன்னா, ஒருத்தனை ஒருத்தன் கண்ணால பாத்துக்கிட்டாவது, சத்தத்தைக் கேட்டுக்கிட்டாவது இருந்தாப் போதுமாம், தனியா விட்ட கணக்குல வராதாம். அதனால லார்சன் அந்த எடத்தை விட்டு அசைய மாட்டேங்கறான். காலுல செருப்பில்ல. சித்திரை மாசம். தாரு ரோடு. ஒத்தைக் காலை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டு, ஒரு கையில வேட்டியப் புடிச்சுக்கிட்டு, கழுத்தை அண்ணாந்தபடியே நிக்கறான். நெழலுக்கு வா கண்ணுன்னா, "நிழலில் நின்றால் அவர் தெரிய மாட்டார்"ங்கறான்.

எனக்கே பாவமாப் போச்சு. சரி, தாழ்ப்பாளைத் தெறந்து விட்டுரலாம்னு மேல ஏறினேன். அது அசைஞ்சாத்தானே? குழவியால தட்டினேன், எண்ணெய் விட்டேன், சாமிய வேண்டினேன். பொன்னுசாமி அண்ணனைக் கூப்பிட்டேன், அவரு ஒரு தள்ளு தள்ளிட்டு இடுப்பைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. வீதியில கூட்டம் சேந்துருச்சு. அந்தத் தாழ்ப்பாளை ஒடைக்கற பலம் இருக்கற ஆளு இந்த வீதியில ஒருத்தன்தான், அவன் ரோட்டுல நின்னு வானத்தைப் பாத்துக்கிட்டிருக்கறான்!

அந்நேரம் பாத்து மேல போன் அடிக்குது. ஒம்பது மணி, அவங்கம்மா. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே போனு, அது குட்டையங்கிட்ட இருக்குது. அவன் சுவத்துக்கு மேல கைய நீட்டி, போனைக் கீழ காட்டறான். அவங்கம்மாவுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? நடு ரோட்டுல நண்டு மாதிரி ஒரு உருவம், வேட்டி கட்டிக்கிட்டு, சுத்தி ஒரு ஊரே நிக்குது. "மாம்!"னு லார்சன் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினான். ரெண்டு கையையும்! வேட்டி என்ன ஆகியிருக்கும்? அதுக்குள்ள கீழ எறங்கி வந்திருந்த பொன்னுசாமி அண்ணன் பாஞ்சு புடிச்சாரு. முப்பது வருச சர்வீசுல அவரு வேகமா ஓடிப் புடிச்சது அது ஒண்ணுதான்னு நான் நெனைக்கறேன்.

குட்டையன் சும்மா சொல்லக்கூடாது, மூளைக்காரன். கொடியில தொங்கின டையெல்லாம் உருவி ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டு, துணி கிளிப்பு போடற பையில போனை வெச்சுக் கட்டி, கெணத்துல வாளி விடற மாதிரி எறக்கினான். லார்சன் வாங்கி, அவங்கம்மாகிட்ட வேகமா என்னென்னமோ சொன்னான். சொல்லிட்டு எங்கிட்டக் காட்டினான். செவத்த மூஞ்சி, கண்ணாடி போட்டிருக்காங்க, பின்னால சுவத்துல பழைய கடிகாரம்.

"நீங்கள் யார் என்று என் தாய் கேட்கிறார்"னான்.

"வீட்டுக்காரின்னு சொல்லு."

அந்தம்மா கண்ணைத் தொடைச்சுக்கிட்டு நீளமாச் சொன்னாங்க. லார்சன் சொன்னான், "என் மகன் ஒரு நாளும் தனியாக இல்லை, எப்போதும் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். அதனால்தான் இவ்வளவு தூரம் அனுப்பிவிட்டும் நான் இரவில் தூங்குகிறேன். அவனைப் பார்த்துக்கொள்வதற்கு உங்களுக்கு நன்றி."

அந்தம்மா மூஞ்சியவே பாத்துட்டு நின்னேன். அவங்களே மறுபடியும் கேட்டாங்க, உங்களுக்கு மகன் இருக்கறானா, அவன் யாரோட இருக்கறான்னு. பெர்த்துல, தனியான்னேன். அந்தம்மா "ஓ"ன்னாங்க. அவ்வளவுதான். எதுக்கு அந்த ஓன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அமெரிக்காக்காரங்க எல்லாத்துக்கும் ஒரு ஓ போடுவாங்கன்னு பொன்னுசாமி அண்ணன் சொன்னாரு.

வழி சொன்னதும் அந்தம்மாதான். லார்சன் சின்னப் பையனா இருந்தப்ப, இருட்டுல தோட்டத்துக் கொட்டாய்க்குப் போகப் பயப்படுவானாம். அவங்கம்மா சமையக்கட்டுல இருந்தே சத்தமாப் பாடுவாங்களாம். பாட்டுக் கேட்டுக்கிட்டே இவன் போயிட்டு வந்துருவானாம். "சத்தம் கேட்டாப் போதும்ல, அந்தத் தம்பியப் பாடச் சொல்லு, நீ போயிக் கதவைத் தெற"ன்னுட்டாங்க. பாருங்க, பத்தாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு பொம்பளை சொல்ல வேண்டியிருக்குது!

குட்டையன் பாட ஆரம்பிச்சான். அம்மிணி, அந்தப் பையனுக்கு எல்லா நல்ல கொணமும் இருக்குது, தொண்டை மட்டும் இல்ல. அந்தக் கருப்பு நாய் அன்னைக்கு ஓடினது மறுநாள்தான் வந்துச்சு. லார்சன் கடப்பாரையத் தூக்கிக்கிட்டு உள்ள வந்தான். நான் மட்டும் இருக்கக்கூடாதுன்னு பொன்னுசாமி அண்ணன் கூடவே ஏறினாரு, ஒரு கை இடுப்புல, ஒரு கை லார்சன் வேட்டியில. படிக்குப் படி லார்சன் "கேட்கிறது! கேட்கிறது!"ன்னு கத்தறான். குட்டையனுக்குத் தெரிஞ்சதே மூணு பாட்டு. மூணும் தீந்துருச்சு. நிறுத்தினா விதி போச்சே! வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிச்சுட்டான், தெலுங்குல. வீதியில நின்ன சனமெல்லாம் எதுக்குன்னே தெரியாம கூடவே சொல்லுது.

ஏழாம் வாய்ப்பாட்டுல கதவு தெறந்துச்சு. தாழ்ப்பாள் நாலு ஆணியோட பிச்சுக்கிட்டு வந்துருச்சு. குட்டையன் தக்காளி மாதிரி செவந்து போயி நின்னான். ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க பாருங்க, கைதியும் போலீசும் அப்படிக் கட்டிப் புடிச்சு நான் பாத்ததில்ல. பொன்னுசாமி அண்ணனும் பாத்ததில்லீன்னாரு.

"கதவு எப்படி மூடிச்சு அம்மகாரு?"ன்னு குட்டையன் கேட்டான்.

"காத்து"ன்னேன்.

லார்சன் கீழ கெடந்த குழவியப் பாத்தான். என்னையும் பாத்தான்.

அன்னைக்குச் சாயங்காலம் எம்பட பையனுக்கு நானே போன் போட்டேன். சாமி, கூட யாராவது இருக்காங்களான்னு கேட்டேன். என்னம்மா, யாராவது ஏதாவது சொன்னாங்களான்னு பதறினான். ஒண்ணும் இல்ல, சும்மாதான்னேன். மீட்டிங் இருக்குதுன்னான். அம்மா ஒரு பாட்டுப் பாடட்டுமான்னு கேட்டேன். வெச்சுட்டான்.

அந்த வெள்ளிக்கெழமை மேல மூணாவதா ஒரு சேர் போட்டிருந்தாங்க. எனக்கு. நான் மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் போய் உக்காந்தேன். எம்பட கொறைய நான் மொதல்ல சொல்லிட்டேன். "காபி குடிக்க மாட்டேங்கறீங்க. அது ஒண்ணுதான்." சாரின்னாங்க ரெண்டு பேரும். குட்டையன், அம்மகாருகிட்ட ஒரு கொறையும் இல்லீன்னுட்டான், பொய்தான், ஆனாலும் நல்ல பையன். லார்சன் யோசிச்சு யோசிச்சுச் சொன்னான். "அம்மா, உங்கள் அரிசியும்பருப்பும் மிகவும் சுவையானது. இது நல்லது. இனி குறை. காற்று மறுபடியும் கதவைப் பூட்டக்கூடாது."

சரின்னேன்.

"இன்னொரு குறை. நீங்கள் எங்களுக்கு இரண்டு தட்டு கொண்டுவருகிறீர்கள். பிறகு கீழே போய்த் தனியாகச் சாப்பிடுகிறீர்கள். இது விதிக்கு எதிரானது."

எனக்குக் கோவம் வந்துருச்சு அம்மிணி. எந்த விதிக்கு? நான் என்ன உங்க சபையா? எங்க வீட்டுக்காரரு போயி எத்தனை வருசமாச்சு, எனக்கு என்ன கொறை? நான் பாட்டுக்கு டிவி போட்டுக்கிட்டு, எனக்குப் புடிச்சதைச் சமைச்சுக்கிட்டு ராணி மாதிரி இருக்கறேன். இதையெல்லாம் அவங்கிட்டச் சொல்லோணும்னு வாயத் தெறந்தேன். கோவத்துல அழுகைதான் வந்துச்சு. அவன் பயந்துட்டான். சாரி, சாரின்னு எத்தனை தடவை சொன்னான்னு எண்ணல. குட்டையன் எந்திரிச்சுப் போயி மூணு தட்டு எடுத்துட்டு வந்தான்.

சனிக்கெழமை போன் வந்துச்சு. லார்சனுக்கு விசாகப்பட்டணம். எல்லாம் என்னாலதான்னு பொன்னுசாமி அண்ணன் சொல்றாரு, மேலிடத்துக்குத் தகவல் போயிருக்கும்னு. நான் ஒத்துக்க மாட்டேன். ஆறு வாரம் ஆச்சு, மாத்திட்டாங்க. கிருபாவரத்துக்கு வேற தொணை வந்தான், சபைக்குப் பக்கத்துலயே வீடு பாத்துக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. லார்சன் போறப்ப இந்த டையக் கழட்டி மாடிக் கதவையும் ஜன்னல் கம்பியையும் சேத்துக் கட்டிட்டுப் போனான். "இது போதும் அம்மா, தாழ்ப்பாள் வேண்டாம்"னான். வாசப்படியில தலைய இடிச்சுக்கிட்டான். கேட்டுல ஆட்டோ நின்னுச்சு. ஏறாம, அந்தக் குட்டையனை வாசல்ல நிக்க வெச்சுட்டு, டெய்லர் கடை வரைக்கும் தனியா நடந்தான். குட்டையன் இங்க இருந்து வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே இருந்தான். போயிட்டுத் திரும்பி வந்து, "நன்றாக இருந்தது. ஆனால் திரும்பி வருவதுதான் இன்னும் நன்றாக இருந்தது"ன்னான். வெயிலு அதிகம் அன்னைக்கு, அதனால இருக்கும்.

அதுக்கப்பறந்தான் அந்தப் பலகை. ஒத்தை ஆளுக்கு வீடு கிடையாதுன்னு நானே எழுதி மாட்டினேன். எத்தனையோ பேரு வந்தாங்க, திருப்பி அனுப்பிட்டேன். ஒரு வீட்டுல ஒரு ஆளு தனியா இருக்கறது நல்லதில்ல அம்மிணி. மத்தவங்களுக்குச் சொல்றேன். எனக்கென்ன?

எந்திரிக்காதீங்க. காபியக் குடிங்க, ஆறிப் போச்சு பாருங்க. நான் வீடு இல்லீன்னு சொன்னனா? கணக்கைப் போட்டுப் பாருங்க. மேல நீங்க ஒண்ணு, கீழ நான் ஒண்ணு. ரெண்டு ஆச்சுல்ல? இந்தாங்க சாவி. வெள்ளிக்கெழமை சாயங்காலம் மாடிக்கு வந்துருங்க, சேரு ரெண்டு மேலயே கெடக்குது. உங்க கொறைய நீங்க சொல்லுங்க, எனக்கு இப்பவே ஒண்ணு இருக்குது, ரொம்பக் கொஞ்சமாப் பேசறீங்க.

பேசாட்டியும் போகுது. நடங்க. ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சாக்கூட மெதுவா வைக்காதீங்க காலை, நல்லா தொம்முதொம்முன்னு நடங்க. சத்தம் கீழ கேட்டாப் போதும். விதிக்கு அது போதும்.